ஷட்டரைத் திறந்த மெத்தைக்காரர்

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாமா ஃப்ரெண்ட்ஸ்?

நீங்க ஒரு ஃபர்னிச்சர் கடை முதலாளின்னு வெச்சுக்குங்க. ஷோரூம் முழுக்கப் புத்தம்புது சோபா, கட்டில், மெத்தை. வெளியே ரெண்டு நாளா விடாத மழை. ஊரே மிதக்குது. உங்க கடைக்குள்ள மட்டும் தண்ணி வரலை. அப்போ சேறும் சகதியுமா, நனைஞ்சுபோன நாய்க்குட்டியைத் தூக்கிக்கிட்டு ஒரு குடும்பம் வாசல்ல வந்து நிக்குது. என்ன பண்ணுவீங்க?

"உள்ளே கூப்பிடுவேன் பாஸ், இதுல யோசிக்க என்ன இருக்கு?" அப்படித்தானே சொல்றீங்க? நல்ல மனசு, வாழ்க! சரி, பின்னாலேயே இன்னொரு குடும்பம் வருது. அப்புறம் பத்து. அப்புறம் நூறு பேர். எல்லாருக்கும் படுக்க இடம் வேணும். கடையில இருக்கிறது விற்பனைக்கு வெச்ச மெத்தை. ஒருத்தர் ராத்திரி படுத்து எழுந்த மெத்தையை மறுநாள் புதுசுன்னு யார்கிட்ட விற்பீங்க? இப்போ சொல்லுங்க...

கொஞ்சம் தயக்கம் எட்டிப் பார்க்குதா? பார்க்கட்டும், தப்பில்லை. இந்தக் கேள்வி அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் இருக்கும் ஹூஸ்டன் நகரத்தில் ஒரு நிஜக் கடைக்காரர் முன்னால் நிஜமாகவே வந்து நின்றது. அவர் என்ன செய்தார் என்பதுதான் இந்த வார மேட்டர்.

அவர் பெயர் ஜிம் மெக்கிங்வேல். ஹூஸ்டனில் இந்தப் பெயரைச் சொன்னால் பலபேர் யோசிப்பார்கள். 'மேட்ரஸ் மேக்' என்று சொல்லுங்கள், சின்னப் பசங்ககூடச் சிரிப்பார்கள். நம்ம பாஷையில் 'மெத்தை மேக்'!

1981ல் மனைவி லிண்டாவுடன் சேர்ந்து 5,000 டாலர் முதலில் அவர் ஆரம்பித்த கடைதான் 'கேலரி ஃபர்னிச்சர்'. நெடுஞ்சாலை ஓரத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக நின்று சோபா விற்ற கடை. கொஞ்ச நாளிலேயே அடி விழுந்தது. ஹூஸ்டன் எண்ணெய்க் கம்பெனிகளை நம்பி வாழும் ஊர். 1980களில் எண்ணெய்த் தொழில் படுத்தது. வேலை போனவன் புது சோபாவா வாங்குவான்? கையில் மிச்சமிருந்த பணத்தையெல்லாம் டிவி விளம்பரத்தில் கொட்டினார் மேக்.

அந்த விளம்பரம் எப்படி உருவாச்சுன்னா... ஷூட்டிங் சொதப்பிக்கொண்டே போனது. நேரமும் முடியப்போகிறது. கடுப்பில் மனிதர் பேன்ட் பாக்கெட்டில் இருந்த கல்லாப் பணத்தை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு, "கேலரி ஃபர்னிச்சரில் வாங்கினால் உங்கள் காசு மிச்சம்!" என்கிற அர்த்தத்தில் ஒரு கத்து கத்தி, எம்பிக் குதித்தார். அவ்வளவுதான், ஹிட்! அதற்குப் பிறகு மெத்தையையே சட்டை மாதிரி மாட்டிக்கொண்டும் விளம்பரத்தில் வந்தார். பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு விஷயத்தையும் குறித்து வையுங்கள், பின்னால் உதவும். போட்டிக் கடைகளில் சோபா வாங்கினால் டெலிவரிக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். மேக் கடையில் 'இன்றைக்கு வாங்கினால் இன்றைக்கே வீட்டில்'. அதற்காகவே பெரிய பெரிய டெலிவரி லாரிகளும், ஊரின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த டிரைவர்களும், சாமான் தூக்கும் பையன்களும் எப்போதும் ரெடியாக இருந்தார்கள்.

சரி, மழைக்கு வருவோம்.

ஒரு வருஷ மழை, நாலே நாளில்

2017 ஆகஸ்ட் 25 ராத்திரி, 'ஹார்வி' புயல் டெக்ஸாஸ் கடற்கரையில் ராக்போர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் கரையேறியது. மணிக்குச் சுமார் 215 கிலோமீட்டர் வேகக் காற்று. வழக்கமாகப் புயல் கரையேறினால் வலுவிழந்து எங்கேயாவது நகர்ந்துவிடும். ஹார்வி நகரவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்பாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்ட மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. மெக்ஸிகோ வளைகுடாவின் சூடான கடலில் இருந்து ஈரத்தை இழுத்து இழுத்துக் கொட்டிக்கொண்டே இருந்தது.

நீடர்லாண்ட் என்ற ஊரில் பதிவான மொத்த மழை 60.58 அங்குலம். அதாவது சுமார் 154 சென்டிமீட்டர்! ஹூஸ்டனில் சராசரியாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையே ஏறக்குறைய 125 சென்டிமீட்டர்தான். வருஷ மழையை நாலு நாளில் கொட்டினால் எந்த ஊர் தாங்கும்?

ஹூஸ்டன் தட்டையான ஊர். மழைத்தண்ணீர் 'பாயூ' என்று அவர்கள் சொல்லும் சோம்பேறி ஓடைகள் வழியாக மெதுவாகத்தான் கடலுக்குப் போகும். ஓடைகள் நிரம்பின. அப்புறம் தெரு, அப்புறம் வீடு. அவசர உதவி எண்ணான 911க்கு அழைப்புகள் குவிந்தன. லைனே கிடைக்காமல் மக்கள் தவித்தார்கள். மாடியில் ஏறி நின்று துண்டை ஆட்டினார்கள். மீன்பிடிப் படகு வைத்திருந்தவர்கள் எல்லாம் படகோடு தெருவில் இறங்கினார்கள்.

நகரத்தின் பெரிய கன்வென்ஷன் சென்டரை முகாமாக்கினார்கள். 5,000 பேருக்குத் தயார் செய்த இடத்தில் கிட்டத்தட்ட 10,000 பேர் வந்து சேர்ந்தார்கள். படுக்கக் கட்டில் போதவில்லை.

கட்டில் போதவில்லை! இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? அதேதான் மேக்குக்கும் வந்தது.

"வாங்க, கடை திறந்திருக்கு"

ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை. மேக் ஃபேஸ்புக்கில் ஒரு வீடியோ போட்டார். மேக்கப் இல்லை, பேக்ரவுண்ட் மியூசிக் இல்லை. 'எங்கள் இரண்டு கடைகள் திறந்திருக்கின்றன. போக இடமில்லாதவர்கள் வாருங்கள். வர முடியாதவர்கள் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள், எங்கள் லாரி வரும்' என்பதுதான் சாரம்.

லாரிகள் கிளம்பின. நேற்றுவரை சோபா இறக்கிய அதே லாரிகள். சாதாரண கார் போனால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிடும் தெருக்களில், உயரமான அந்த டெலிவரி லாரிகளால் போக முடிந்தது. சாமான் ஏற்றுகிற பின்பக்கத்தில் பாட்டிகளும் குழந்தைகளும் நாய்களும் ஏறினார்கள். இப்படி 200 பேர் அளவுக்கு மீட்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. இரண்டு கடைகளிலும் சேர்த்துச் சுமார் 400 பேர் தங்கினார்கள்.

எங்கே தங்கினார்கள் தெரியுமா? குடோனில் இல்லை ஃப்ரெண்ட்ஸ், ஷோரூமில்! விலைச்சீட்டு தொங்கும் மெத்தையில் பாட்டி படுத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான டாலர் சாய்வு நாற்காலியில் ஒருத்தர் குறட்டை விடுகிறார். 'தொடாதே' என்று அம்மாக்கள் பிள்ளைகளைத் தடுக்கும் இடத்தில் பிள்ளைகள் உருண்டு விளையாடுகிறார்கள். கடைக்குள்ளேயே வாடிக்கையாளர்களுக்காக இருந்த உணவகம் மூன்று வேளையும் அடுப்பு மூட்டியது. நாய் பூனைக்கும் தடையில்லை. வளர்ப்புப் பிராணியை விட்டுவிட்டு வர மனசில்லாமல் வீட்டிலேயே தங்கிவிடுகிறவர்கள் வெள்ளத்தில் எத்தனை பேர் என்று யோசித்தால், இந்த ஒரு அனுமதியின் மதிப்பு புரியும்.

இங்கேதான் நான் உங்களை ஒரு நிமிஷம் நிறுத்தப் போறேன்.

மேக் புதுசாக என்ன வாங்கினார்? லாரி ஏற்கெனவே இருந்தது. டிரைவர் இருந்தார். மெத்தை இருந்தது. அடுப்பு இருந்தது. டிவியில் கத்திக் கத்திச் சம்பாதித்த பிரபலம் இருந்தது. அதனால்தான் வீடியோ போட்ட உடனே ஊர் நம்பியது. சோபா விற்பதற்காகச் சேர்த்த ஒவ்வொன்றும் அன்றைக்கு வேறு வேலை செய்தது. அவர் செய்தது ஒன்றே ஒன்று. பூட்டைத் திறந்தார்.

பேரிடர் வந்தால் நமக்கு உடனே என்ன தோணுது? 'என்கிட்ட பணம் இல்லையே, நான் என்ன பண்ண முடியும்?' இந்தக் கேள்வியே கொஞ்சம் தப்பு பாஸ். 'என்கிட்ட பூட்டிக் கிடக்கிறது எது?' இதுதான் சரியான கேள்வி.

விளம்பரம்தானே இது?

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயருது. "சார், இதெல்லாம் பப்ளிசிட்டி. நாலு நாள் மெத்தை கொடுத்தார், உலகம் முழுக்க டிவியில பேர் வந்துச்சு. இதைவிட மலிவா விளம்பரம் கிடைக்குமா?"

கேட்க வேண்டிய கேள்விதான். மேக் ஒன்றும் வெள்ளைத்தாடி மகான் இல்லை. பக்கா வியாபாரி. பேஸ்பால் மேட்ச்சுகள் மீது கோடிக்கணக்கில் பந்தயம் கட்டுகிறவர். அதே 2017ல், '3,000 டாலருக்கு மேல் மெத்தை வாங்குங்கள். நம்ம ஊர் ஆஸ்ட்ரோஸ் அணி வேர்ல்டு சீரிஸ் ஜெயித்தால் உங்கள் காசு வாபஸ்' என்று ஒரு ஆஃபர் விட்டிருந்தார். வெள்ளம் வடிந்து இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, நவம்பர் 1ம் தேதி அந்த அணி ஜெயித்தே விட்டது! பத்து மில்லியன் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அப்படி ஆகலாம் என்று முன்கூட்டியே பந்தயம் கட்டி ஈடு செய்து வைத்திருந்தார் என்பது வேறு கதை. ஆள் அவ்வளவு கணக்கானவர்.

அப்படியானால் கடையைத் திறந்ததும் கணக்குதானா? காலண்டரைப் பார்ப்போம். 2019 செப்டம்பரில் 'இமெல்டா' புயல்மழை, கடை மறுபடி திறந்தது. 2021 பிப்ரவரியில் டெக்ஸாஸே பனியில் உறைந்து லட்சக்கணக்கான வீடுகளில் கரன்ட் போனபோது, ஜனங்கள் குளிர்காய்ந்து படுத்துக்கொள்ளக் கடை திறந்தது. 2024 ஜூலையில் 'பெரில்' புயலுக்குப் பிறகு வெயிலில் கரன்ட் இல்லாமல் வெந்தவர்களுக்கு ஏ.சி.யும் செல்போன் சார்ஜும் கொடுக்கத் திறந்தது. ஒருமுறை செய்தால் விளம்பரம் என்று சொல்லலாம். ஒவ்வொரு முறையும் செய்தால் அதற்குப் பேர் பழக்கம்.

அப்புறம் இன்னொண்ணு. முழங்கால் தண்ணியில் நிற்கும் ஒரு பாட்டிக்கு, வருகிற லாரியின் உள்நோக்கம் முக்கியமா, உயரம் முக்கியமா?

பேர் வரட்டுமே. நல்லது செய்தவனுக்குப் பேர் வந்தால் அடுத்தவனுக்கும் ஆசை வரும். நமக்கு வேண்டியது அதுதானே!

முதலாளி வாசலில் நிற்கிற கடை

ஏன் ஒரு குடும்பக் கடையால் இதை இவ்வளவு வேகமாகச் செய்ய முடிந்தது? எம்.பி.ஏ. படிக்கிறவங்க இதைக் கொஞ்சம் கவனிங்க.

சாவி யார் கையில் இருக்கு என்பதுதான் விஷயம். ஆயிரம் கிளை வைத்த கம்பெனியின் மேனேஜர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மெத்தையில் ஆளைப் படுக்கவைக்க அவர் மேலிடத்தைக் கேட்க வேண்டும். மேலிடம் வக்கீலைக் கேட்கும். வக்கீல் இன்ஷூரன்ஸைக் கேட்பார். பதில் வருவதற்குள் தண்ணீர் வந்துவிடும். மேக் கடையில் முடிவெடுக்க வேண்டியவர் ஷோரூம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அதே டெக்ஸாஸில் இன்னொரு குடும்பக் கடை. 1905ல் கெர்வில் என்ற சின்ன ஊரில் ஃப்ளாரன்ஸ் பட் என்ற பெண்மணி 60 டாலர் முதலில் ஒரு மளிகைக் கடை போட்டார். கணவருக்குக் காசநோய். மூன்று மகன்கள். மாடியில் குடித்தனம், கீழே கடை. அதுதான் இன்றைக்கு 'எச்.இ.பி.' என்று டெக்ஸாஸிலும் மெக்ஸிகோவிலுமாக நானூறுக்கும் மேற்பட்ட கடைகளாக வளர்ந்து நிற்கிறது. இன்னமும் அந்தக் குடும்பத்தின் கடைதான். ஹார்வி சமயத்தில் நடமாடும் சமையலறை லாரிகளோடு வெள்ளப் பகுதிகளுக்கு வந்தது. 2025 ஜூலை 4 அதிகாலை, குவாடலூப் ஆறு பெருக்கெடுத்துக் கெர்வில்லையும் சுற்றுவட்டாரத்தையும் சுருட்டியது. டெக்ஸாஸில் அந்த வெள்ளங்களில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடை முகாமுக்கு வந்திருந்த சிறுமிகளும் அதில் உண்டு. அப்போதும் அந்தக் கடையின் சமையல் லாரிகள் போய் நின்றன, 120 வருஷத்துக்கு முன்னால் தான் பிறந்த ஊரில்.

மேக் ஒரு ஷோரூம்காரர். எச்.இ.பி. பெரிய ஆலமரம். சைஸ் முக்கியமில்லை. 'இது என் ஊர்' என்று நினைக்கிற ஒருத்தர் கையில் சாவி இருக்கணும். அதுதான் முக்கியம்.

மெத்தை தண்ணீரை நிறுத்தாது

எல்லாம் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம்.

மேக்கின் கடைகளில் தங்கியது 400 பேர். டெக்ஸாஸில் ஹார்வியின் வெள்ளத்தாலும் காற்றாலும் நேரடியாகவே குறைந்தது 68 பேர் இறந்தார்கள். சேதம் சுமார் 125 பில்லியன் டாலர். தண்ணீர் புகுந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெள்ளக் காப்பீடே கிடையாது.

இதில் மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஹூஸ்டனின் மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. 1929லும் 1935லும் வந்த வெள்ளங்களுக்குப் பிறகு, நகரத்தைக் காப்பாற்ற 1940களில் கட்டி முடித்தவை. சாதாரண நாளில் அவை காலியாகவே கிடக்கும். காலியாகக் கிடக்கிற இடத்தை மனுஷன் விட்டு வைப்பானா? தண்ணீர் ஏறி நிற்க வேண்டிய விளிம்புப் பகுதியில் காலனி காலனியாக வீடுகள் முளைத்தன. ஹார்வியில் நீர்மட்டம் ஏறியது, மேலே இருந்த வீடுகள் மூழ்கின. அணைக்கு ஆபத்து வராமல் இருக்க ஆகஸ்ட் 28ல் தண்ணீரைத் திறந்தார்கள், கீழே இருந்த வீடுகளும் மூழ்கின. மேற்பகுதி வீடுகள் மூழ்கியதற்கு அரசாங்கமே பொறுப்பு என்று 2019 டிசம்பரில் மத்திய நீதிமன்றம் ஒன்று தீர்ப்புச் சொன்னது.

தண்ணீருக்கான இடத்தில் வீடு கட்ட அனுமதித்த கையெழுத்து, ஒரு சாதாரண வெயில் நாளில், யாரோ ஒரு ஆபீஸ் மேஜையில் போடப்பட்ட கையெழுத்து. அதை எந்த மெத்தைக்காரராலும் துடைக்க முடியாது. அதைத் தட்டிக் கேட்கிற வேலை ஜனங்களுடையது. ஹார்வி கரையேறி சரியாக ஒரு வருஷம் கழித்து, 2018 ஆகஸ்ட் 25ல், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டு, வெள்ளத் தடுப்பு வேலைகளுக்காக 2.5 பில்லியன் டாலர் கடன்பத்திரத் திட்டத்துக்குச் சம்மதம் சொன்னார்கள். அந்தக் கடனை வரியாகக் கட்டப் போவது தாங்கள்தான் என்று தெரிந்தே சம்மதித்தார்கள்.

ஆகவே ரெண்டு வேலை இருக்கு. மழை நாளில் கதவைத் திறக்கிறது ஒண்ணு. வெயில் நாளில் கேள்வி கேட்கிறது இன்னொண்ணு. முதல் வேலைக்குக் கைதட்டு கிடைக்கும். ரெண்டாவதுக்குக் கெட்ட பேர்தான் கிடைக்கும். ரெண்டையும் செய்யணும்.

இந்த வார ஹோம்வொர்க்

பயப்படாதீங்க, மார்க் கிடையாது!

ஒரு பேப்பர் எடுங்க. உங்ககிட்டயும் உங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்டயும் ஏற்கெனவே இருக்கிறதை எழுதுங்க. பைக். மாடி வீடு. பவர் பேங்க். நீச்சல் தெரிஞ்ச நண்பன். கேஸ் தீர்ந்தாலும் விறகில் சமைக்கத் தெரிஞ்ச ஹாஸ்டல் மாஸ்டர். காலேஜ் பஸ். லீவு நாளில் பூட்டிக் கிடக்கும் ஆடிட்டோரியம். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எதிரே அதோட சாவி யார்கிட்ட இருக்குன்னு எழுதுங்க. அவர்கிட்ட இப்பவே, வெயில் அடிக்கும்போதே, பேசி வையுங்க. இடுப்பளவு தண்ணியில் நின்னுக்கிட்டு பிரின்சிபால் நம்பரைத் தேடக் கூடாது பாருங்க.

அப்படியே உங்க தெரு முனைக் கடைக்காரர் பேரையும் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. பத்து வருஷமா அவர்கிட்ட பால் பாக்கெட் வாங்கியிருப்பீங்க, பேர் தெரியாது! எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கு, எந்தப் பாட்டி தனியா இருக்காங்க... கடைக்காரருக்குத் தெரிஞ்சிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. எந்த ஆப்புலயும் இல்லாத லிஸ்ட் அது.

லிஸ்ட்டை எழுதி முடிச்சவங்க எனக்கு ஒரு லெட்டர் போடுங்க. உங்க காலேஜில் பூட்டிக் கிடக்கிறது என்னென்ன, சாவி யார் கையில் இருக்குன்னு பார்க்க எனக்கும் ஆசை.

அடுத்த வாரம் பார்க்கலாம்!